பிள்ளை வீட்டு மொட்டைமாடியில் முதல் காய்கறித் தோட்டம்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்த மகனோ மகளோ "மாடியில நாலு செடி வைக்கலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டால், பெற்றோர் பலருக்கும் கை பரபரக்கும். அடுத்த முறை போகும்போது இருபது செடி வளர்ப்புப் பை, ஊர் மண், விதை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், இரண்டே நாளில் தோட்டத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் பாதிப் பைகள் காய்ந்து கிடக்கும். பிள்ளைக்கு அக்கறை இல்லாததால் இப்படி ஆவதில்லை. இருபது பைக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் அவர்களிடம் இல்லை. மண்ணைக் கலந்தது அவர்கள் கை இல்லை. செடி வாடினால் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் காட்டித் தரவும் இல்லை.

வயலிலும் கொல்லையிலும் பழகியவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நிலத்து அனுபவம் பைக்கு அப்படியே பொருந்தாது. நிலத்தில் வேர் ஈரத்தைத் தேடி ஆழம் போகும். பையில் ஓர் அடிக்கு மேல் போக வழியில்லை. நிலத்தில் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டால் ஒன்றும் ஆகாது. வெயில் காய்ச்சும் கான்கிரீட் தளத்தில் ஒரே மதியத்தில் செடி துவண்டுவிடும். பைக்கு என்று தனியாகச் சில கணக்குகள் உண்டு. சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்ற சமவெளி ஊர்களில், வாடகை வீட்டின் மொட்டைமாடியில், 8 பைகளோடு தொடங்குவதாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்குகளைச் சொல்கிறோம்.

எதையும் வாங்குவதற்கு முன்

முதல் உதவி போனிலேயே முடியும். ஒரு விடுமுறை நாளில் பை வைக்கப்போகும் இடத்தைக் காலை 8, 10, மதியம் 12, 2, மாலை 4 மணிக்கு ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 5 படங்களில் குறைந்தது 3 படத்திலாவது தரையில் நேர் வெயில் விழுந்திருக்க வேண்டும். காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு 5 முதல் 6 மணி நேர வெயில் தேவை. அதற்குக் குறைந்தால் செடி உயரமாக வளரும், பூக்காது. 3, 4 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரை, புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதைச் செடி வைக்கப்போகும் மாதத்திலேயே பார்க்க வேண்டும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்குப் பக்கம் உயரமான கட்டடம் இருந்தால் அதன் நிழல் மாடி முழுவதும் படரும். ஆடியில் அதே இடம் நல்ல வெயிலாக இருக்கும்.

அடுத்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். தளத்தில் ஏற்கெனவே ஒழுக்கு இருந்தால் பழி முதலில் செடிப்பை மேல்தான் விழும். 15 அங்குலப் பை ஒன்று நனைந்த நிலையில் 30 முதல் 35 கிலோ வரை வரும். அதனால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, உத்திரம் போகும் வரிசையில் பரவலாக வைக்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் வடிந்து தரை காயும். வேரும் தளத்துக்குள் இறங்காது. கைப்பிடிச் சுவரின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் பையோ தொட்டியோ வைக்க வேண்டாம். ஒரு காற்று போதும், கீழே போகிறவர் தலையில் விழும்.

மூன்றாவது, தண்ணீர். மாடியில் குழாய் இருக்கிறதா, மாடிப்படி ஏறி வாளி சுமக்க வேண்டுமா என்று கேளுங்கள். வாளி சுமப்பது முதல் பத்து நாள் நடக்கும், அப்புறம் நின்றுபோகும். தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறக்க முடியாவிட்டால் பைகளை நான்காகக் குறைத்து, சமையலறைக்குப் பக்கத்தில் வெயில் படும் பால்கனி இருந்தால் அங்கே வைக்கச் சொல்வதே நல்ல யோசனை.

எந்த மாதத்தில் தொடங்குவது

ஆடிப் பட்டம், தைப் பட்டம் இரண்டும்தான் புதியவருக்கு ஏற்றவை. பொங்கல் முடிந்து தொடங்கினால் மாசியில் கீரை கிள்ளலாம், பங்குனிக்குள் வெண்டை வந்துவிடும், அக்னி நட்சத்திரம் வருவதற்குள் பிள்ளைக்குச் செடியின் போக்கு பிடிபட்டிருக்கும். ஆடியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சுற்று அறுவடை பார்த்துவிடலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் ஆசைப்பட்டுக் கேட்டால், "இப்ப மண்ணு மட்டும் கலந்து வை, செடி ஆடிக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். முளைத்ததெல்லாம் வெயிலில் கருகும். தக்காளி பூத்தாலும் பிஞ்சு பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் கொட்டும் மழையில் பை ஊறி நாற்று அழுகும். முதல் முயற்சியே தோற்றால் "எனக்குக் கை ராசி இல்லை" என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அதைத் தவிர்ப்பது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

8 பையில் என்ன போடுவது

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்கிற தவறு ஒவ்வொரு காயிலும் ஒரு செடி வைப்பது. ஒரு வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். அதை வைத்துப் பொரியல் செய்ய முடியாது. காய் முற்றிக் காயும், மனசு விட்டுப்போகும். வெண்டை என்றால் 6 செடியாவது வேண்டும். மாறாக, மிளகாய்க்கு ஒரே செடி போதும், இருவர் இருக்கும் வீட்டுக்குத் தாளிக்கக் கிடைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் பரிந்துரை இது: விட்டமும் உயரமும் 15 அங்குலம் உள்ள பை 5. அதில் மூன்றில் வெண்டை (பைக்கு இரண்டு செடி), ஒன்றில் கத்தரி, ஒன்றில் தக்காளி. 12 அங்குலப் பை ஒன்றில் மிளகாய். 18 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள அகலப்பை இரண்டில் கீரை.

கீரை கட்டாயம் இருக்க வேண்டும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பறிக்கத் தயாராகிவிடும். மற்றது எல்லாம் இலையும் தண்டுமாக நிற்கும்போது, முதல் மாதத்திலேயே சட்டியில் ஏறுவது இது ஒன்றுதான். இரண்டு பையிலும் ஒரே நாளில் விதைக்காமல் 12 நாள் இடைவெளி விட்டு விதைக்கச் சொல்லுங்கள்.

தக்காளியைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். நோயும் பூச்சியும் அதிகம் வருவதும் அதில்தான். ஒரு செடி வைக்கட்டும், ஆனால் அது போனாலும் போகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் நம் ஊர் வெயிலுக்குப் பழகியது. வெண்டையில் அர்க்கா அனாமிகா, நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ரகம். பாகல், பீர்க்கு, புடலைக்குப் பந்தல் வேண்டும். அவற்றை அடுத்த பட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். ஊர் அவரை விதை கையில் இருந்தாலும் தையில் கொடுக்காதீர்கள். பழைய நாட்டு அவரை ரகங்கள் பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால்தான் மார்கழி, தையில் காய்க்கும்.

வாங்க வேண்டியவை, அளவோடு

இந்த 8 பையை நிரப்ப ஏறக்குறைய 240 முதல் 250 லிட்டர் கலவை தேவை. மூன்று சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 80 லிட்டர். செம்மண், சிமென்ட் சாக்கில் இரண்டு மூட்டை. தென்னை நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ ஒன்று. ஊறி உதிர்ந்தால் 70 லிட்டருக்கு மேல் வரும். மண்புழு உரம் 50 கிலோ, அல்லது அதே கொள்ளளவுக்கு நன்றாக மக்கிய தொழுவுரம். வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள் (மண்ணுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்) சிறிய பாக்கெட் ஒவ்வொன்று. இவற்றோடு ஒரு களைக்கொத்து, பூவாளி, தெளிப்பான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைத்தால் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் ஒன்றாக வந்துவிடும். பிள்ளை இருக்கும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இருப்பு உண்டா என்று கேட்கச் சொல்லலாம்.

பை வாங்கும்போது புற ஊதாக் கதிர் தாங்கும் பையா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண பாலித்தீன் ஒரே கோடையில் பொடிப்பொடியாகும். அடியிலும் பக்கத்திலும் வடிகால் துளை இல்லாவிட்டால், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே சுற்றிலும் நான்கு துளை போட்டுக்கொள்ளலாம்.

தொழுவுரம் ஊரிலிருந்து கொண்டுபோவதானால் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். சாணி வாடை இருந்தால், உள்ளே கை வைத்தால் சூடு தெரிந்தால், இன்னும் மக்கவில்லை. அதைப் பையில் போட்டால் வேர் வெந்துபோகும். கரம்பை மண்ணையும், வயல் களிமண்ணையும் விட்டுவிடுங்கள். பையில் இரண்டே வாரத்தில் கெட்டிப்பட்டுத் தண்ணீர் இறங்காமல் நிற்கும்.

மண் கலக்கும் நாள்

இதற்கு மட்டும் நீங்கள் நேரில் இருங்கள். ஆனால் கொத்தும் மண்வெட்டியும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். கலவையின் பதம் விரலுக்குத் தெரிந்தால்தான் பிறகு தண்ணீர் அளவு தெரியும்.

முதல் நாள் இரவே நார்க்கழிவுக் கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கவும். காலையில் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் விட்டுப் பிழியவும். பழுப்பாக வரும் தண்ணீர் வெளுக்கும் வரை இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். நாரில் இருக்கும் உப்பு போகாவிட்டால் முளைத்த செடியின் இலை நுனி கருகும். கடையில் "கழுவியது" என்று சொன்னாலும் ஒரு தடவையாவது அலசிக்கொள்ளுங்கள்.

செம்மண்ணைச் சலிக்கத் தேவையில்லை. கல்லும் கட்டியும் பொறுக்கினால் போதும். தரையில் ஒரு தார்ப்பாய் விரித்து, மண், நார்க்கழிவு, உரம் மூன்றையும் ஒரே சட்டியால் மாற்றி மாற்றி அளந்து கொட்டி, அடுக்காக இல்லாமல் கலந்து புரட்டவும். வேப்பம் பிண்ணாக்கையும் உயிர் உரங்களையும் தூவி மறுபடி புரட்டவும். இப்போது ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்தால் உருண்டையாக நின்று, கட்டை விரலால் தொட்டதும் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் காயவிடவும். உருண்டை பிடிக்காமலே உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். தொட்டும் உதிராமல் களிமண் உருண்டையாகவே நின்றால் நார்க்கழிவு இன்னும் ஒரு சட்டி சேர்க்க வேண்டும்.

பையில் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே வரை நிரப்பினால் போதும். கீரைப் பையில் 2 அங்குலம் விடலாம். இந்த இடம் தண்ணீர் தேங்கி இறங்கவும், பிறகு உரமும் மூடாக்கும் (மண்ணை மூடும் காய்ந்த இலை, சக்கை) போடவும் வேண்டும். நிரப்பிய பையை லேசாக ஈரப்படுத்தி ஒரு வாரம் முதல் பத்து நாள் நிழலில் விட்டுவிடவும். உயிர் உரங்கள் பெருகவும், சூடு இருந்தால் தணியவும் அந்த நாட்கள் தேவை. அவசரப்பட்டு அன்றே விதைப்பதால்தான் பலருக்கு முளைப்பு பாதியாகக் குறைகிறது.

விதைப்பும் நடவும்

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, காலையில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழிக்கு இரண்டு விதையாக ஊன்றவும். 4, 5 நாளில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும். பிள்ளைக்கு முளைத்த செடியை வெட்ட மனம் வராது. வெட்டாவிட்டால் இரண்டும் சோனியாகும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

கீரை விதை மிகப் பொடியாக இருக்கும். ஒரு தேக்கரண்டி விதையோடு ஒரு பிடி மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய படலமாக மண்புழு உரம் தூவி, பூவாளியால் மட்டும் தண்ணீர் விடவும். குழாயால் பீய்ச்சினால் விதை எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம்; பையின் விளிம்பைச் சுற்றி மஞ்சள்தூளோ வேப்பம் பிண்ணாக்குத் தூளோ தூவலாம். முளைக்கும் வரை ஈரச்சாக்கு போட்டு மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

கத்தரி, தக்காளி, மிளகாயை முதல் பட்டத்தில் நாற்றாகவே வாங்கிவிடுங்கள். விதையிலிருந்து வந்தால் கத்தரிக்கும் தக்காளிக்கும் 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் குழித்தட்டிலேயே போய்விடும். நாற்றழுகலும் அங்கேதான் வரும். நாற்றுப் பண்ணையில் உயரமாக, பூவோடு நிற்கும் நாற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சாண் உயரத்துக்குள், தண்டு தடித்து, 5, 6 இலையோடு இருப்பதே பிடிக்கும். மாலை 4 மணிக்கு மேல் நட்டு, இரண்டு, மூன்று நாள் நிழல் கொடுக்கவும். தக்காளித் தண்டை முதல் இலை வரை மண்ணுக்குள் புதைக்கலாம், அந்தத் தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் நாற்றில் இருந்த ஆழத்திலேயே நட வேண்டும். தக்காளிக்கு ஊன்றுகோலை நடும் அன்றே செருகிவிடுங்கள். பிறகு செருகினால் வேர் அறுபடும்.

தண்ணீர்: பெரும்பாலான பைகள் போவது இதில்தான்

புதியவர் கையில் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போய்த்தான். நார்க்கழிவு கலந்த மண் மேலே காய்ந்து வெளுத்துக் காணும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். பிள்ளை மேற்பரப்பைப் பார்த்துவிட்டுக் காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டே இருக்கும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாததால் இலை வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள்.

போனில் இப்படித்தான் பேச்சு போகும்:

"அம்மா, கத்தரி வாடுது."

"தண்ணி ஊத்தினியா?"

"காலையிலயும் ஊத்தினேன்."

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

இந்தக் கடைசி வரிதான் செடியைக் கொல்கிறது. அதற்குப் பதில் கேட்க வேண்டியது, "விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்தியா?" ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை நுழைத்து, ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் சொட்டு வரும் வரை ஊற்ற வேண்டும். கூடவே எப்போது வாடுகிறது என்றும் கேளுங்கள். மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு, ஒன்றும் செய்ய வேண்டாம். காலை 7 மணிக்கே வாடி நின்றால்தான் தாகமோ வேரழுகலோ. எது என்று விரல் சொல்லிவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு வேண்டுமானால், தை, மாசியில் வளர்ந்த செடி உள்ள 15 அங்குலப் பைக்கு நாளுக்கு 2 லிட்டர், 12 அங்குலப் பைக்கு 1 லிட்டர். நாற்றாக இருக்கும்போது இதில் பாதிகூடத் தேவைப்படாது. பங்குனி, சித்திரையில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்ற நேரும். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் ஊற்றுவதே பழக்கமாகட்டும். காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் 2 அங்குலம் மூடாக்கு போட்டால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் விலக்கிப் போட வேண்டும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துபோன பையில் மண் சுருங்கிப் பக்கவாட்டில் இடைவெளி விழும், ஊற்றும் தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும். அப்போது கொத்தால் மேலே கிளறி, விளிம்பை அழுத்திவிட்டு, அரை மணி இடைவெளியில் இரண்டு முறை மெதுவாக ஊற்ற வேண்டும்.

சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. பையின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கிற நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பை வடியவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். அது குழாய்த் தண்ணீரைவிட உப்பு கூடியது, செடிக்கு வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றலாம்.

உரம்

முதல் மூன்று வாரம் ஒன்றும் தேவையில்லை. அதன்பின் 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு பெரிய கைப்பிடி மண்புழு உரம் போட்டு லேசாகக் கிளறினால் போதும். பூக்கும் பருவத்தில் பஞ்சகவ்யம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து 10 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். வாடை பக்கத்து வீடு வரை போகும் என்பதால் அடுக்ககத்தில் யோசித்துச் செய்யச் சொல்லுங்கள். அடிக்கடி ஊற்றினால் செடி கரும்பச்சையாகத் தழைக்கும், பூக்காது. காய்கறித் தோலை நேராகப் பையில் புதைப்பதைத் தடுத்துவிடுங்கள். அது அழுகும்போது சூடு கிளப்பும், கொசு ஈயும் எலியும் வரும். தனி வாளியில் காய்ந்த இலையோடு அடுக்கி இரண்டு மாதம் மக்கவிட்டுப் பிறகு போடட்டும்.

தூரத்திலிருந்து நோய் பார்ப்பது

ஊரிலிருந்தபடி உதவ, நான்கு படம் கேட்டு வாங்கப் பழகுங்கள்: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், மண்ணின் மேற்பரப்பு. அடிப்பக்கப் படம் இல்லாமல் எந்த மருந்தும் சொல்ல வேண்டாம். பூச்சி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடி இலை மட்டும் ஒன்றிரண்டு மஞ்சளாவது முதுமை. கீழிருந்து வரிசையாக மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் கூடுதல். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் இது அதிகம். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி இலை பச்சையாக இருந்தால் அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது, மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும். தக்காளி இலை சுருண்டு குட்டையாக நின்றாலும் அதேதான். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். கத்தரியின் குருத்து மட்டும் தலைசாய்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்தக் குருத்தை இரண்டு அங்குலம் கீழே சேர்த்து நறுக்கிப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் மறக்க மாட்டார்கள். தக்காளிக் காயின் அடி கருத்துக் குழிந்தால் மருந்து தேட வேண்டாம். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் ஊறவிடுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் சரியாகும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈக்கு முதல் வேலை தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது. கொஞ்சமாக இருக்கும்போது மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தே எடுத்துவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சில துளி திரவச் சோப்போடு முதலில் நன்றாகக் குழைத்து, பால் போலானதும் 1 லிட்டர் தண்ணீர் சேர்க்கவும். சோப்பு இல்லாமல் எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து, கடைசியாக வரும் எண்ணெய் இலையைக் கருக்கும். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். முதல் தடவை ஓர் இலையில் மட்டும் தெளித்து மறுநாள் பார்த்துக்கொள்வது நல்லது. அறுவடைக்கு வந்த கீரையில் தெளிக்க வேண்டாம். மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ எப்போது கூடுகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

பறிப்பது, ஊருக்குப் போவது

வெண்டை விதைத்து 45 நாளில் தொடங்கும். விரல் நீளம் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு காய் முற்றினாலும் செடி அதற்கே சத்தைச் செலவிட்டு அடுத்த பூவைக் குறைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து ஃப்ரிட்ஜில் சேர்த்தால் வாரத்துக்கு இரண்டு பொரியல் தேறும். கத்தரியைத் தோல் பளபளப்பு மங்குவதற்குள் பறிக்க வேண்டும். சிறுகீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைத் தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். தக்காளி பூத்தும் பிஞ்சு பிடிக்காவிட்டால் காலை 8, 9 மணிக்குப் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகத் தட்டிவிடச் சொல்லுங்கள், மகரந்தம் உதிரும். அணில் பழத்தைக் கடிக்கும் இடங்களில், நிறம் திரும்பியதுமே பறித்து உள்ளே பழுக்க வைக்கலாம்.

நீங்கள் போய்த் தங்கும் நாட்களில், பிள்ளை தூங்கும்போதே மாடிக்குப் போய்க் கிளை கழித்து, மருந்தடித்து, உரம் போட்டுவிட்டு வராதீர்கள். என்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகும், நீங்கள் ஊர் திரும்பிய பின் செடி அடுத்துச் செய்வதற்குக் காரணம் புரியாது. கூட அழைத்துப் போய், ஒரு கிளையை நீங்கள் வெட்டிக் காட்டி, மீதியை அவர்களிடம் விடுங்கள்.

பொங்கல், தீபாவளிக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது தோட்டம் தனியாக இருக்கும். மூன்று, நான்கு நாளுக்கு, பைகளை நிழலுக்கு நகர்த்தி நெருக்கமாக அடுக்கி, மூடாக்கைத் தடிப்பாக்கி, ஒவ்வொரு பையிலும் மூடியில் ஊசித்துளை போட்ட 2 லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். அந்த வாரக் காய் அவர்களுக்கு. அடிக்கடி வெளியூர் போகிற வேலை என்றால் நேரக்கருவி பொருத்திய சொட்டுநீர்க் குழாய் வாங்கிக் கொடுப்பது மிக உபயோகமான பரிசு. ஆனால் அதை ஒரு வாரம் வீட்டில் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்து, எந்தப் பைக்கு எவ்வளவு வடிகிறது என்று சரிசெய்த பிறகுதான் நம்ப வேண்டும். கோடையில் 50 சதவீத நிழல்வலை கட்டினால் கத்தரியும் மிளகாயும் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டும்.

பட்டம் முடிந்ததும்

செடி ஓய்ந்தபின் மண்ணைக் கொட்டிவிடக் கூடாது, அதே மண் பல பட்டங்களுக்கு வரும். தார்ப்பாயில் பரப்பி, வேர்களைப் பொறுக்கி, நான்கு நாள் வெயிலில் காயவைத்து, கால் பங்கு மண்புழு உரமும் பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து, ஈரப்படுத்தி ஒரு வாரம் விட்டால் மறுபடி தயார். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அவை நின்ற பையில் அடுத்து கீரையோ கொத்தவரையோ போட வேண்டும்.

வேரைப் பொறுக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெண்டை, தக்காளி வேர்களில் மிளகளவு முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்தப் பை மண்ணை மற்ற பைகளோடு கலக்கக் கூடாது, களைக்கொத்தையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பையில் வைக்க வேண்டும். அந்த ஒரு பையில் மட்டும் அடுத்த பட்டம் முழுவதும் துலுக்கச் சாமந்தி வளர்த்து, பூத்து முடிந்ததும் வேரையும் அந்த மண்ணிலேயே நறுக்கிப் புதைத்துவிட்டால் நூற்புழு நன்றாகக் குறையும்.